சந்தேகம் கேட்கும் வகுப்பு

எங்கள் வகுப்புக்குக் கல்லூரி முழுக்க ஒரு பெயர் இருந்தது. சந்தேகம் கேட்டே வாத்தியாரைச் சாகடிக்கிற வகுப்பு. பேராசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பி, எழுதிக்கொண்டே வாயைத் திறந்தாரோ இல்லையோ, பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழும்.

"சார், டவுட்."

அவர் திரும்புவார். "என்ன டவுட்?"

"அந்த அம்புக்குறி மேல பாத்திருக்குதா, கீழ பாத்திருக்குதாங்க சார்?"

"கண்ணு தெரியலையா உனக்கு? மேலதான்."

"சரிங்க சார். அதுக்கு முன்னாடி என்னமோ சொன்னீங்களே, அது?"

அவர் எங்களைப் பார்த்தபடி, எரிச்சலோடு, ஒவ்வொரு சொல்லாக மறுபடி சொல்வார். அதுதான் வேண்டியது. அவருடைய முகம். முகத்தில் அசையும் வாய். அந்த வாயைப் பார்த்துச் சொல்லைப் பொறுக்கிக்கொள்ள எங்களில் ஒருவன் இருந்தான். அவனுக்குக் காது சரியாகக் கேட்காது.

இதை யாரும் யாரிடமும் சொன்னதில்லை. அவனும் எங்களிடம் சொன்னதில்லை. நாங்களும் அவனிடம் கேட்டதில்லை. இப்போது எழுதும்போதுகூடக் கை தயங்குகிறது. ஒரு மூடிய கதவைச் சத்தமில்லாமல் திறப்பதுபோல இருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கோயமுத்தூருக்கு வெளியே சோளக்காட்டை வாங்கிக் கட்டிய கல்லூரி. பூச்சு காய்வதற்குள் எங்களை உள்ளே விட்டுவிட்டார்கள். ஆடியில் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காற்று இறங்கி, டிராயிங் ஹாலில் ஷீட்டுகளையெல்லாம் பட்டம் விடும். மெக்கானிக்கல் பிரிவில் ஒரே பெயரில் பலர் இருந்ததால் ஊரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வோம். ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து வந்ததால் நான் போத்தனூர். சிமெண்ட் ஆலைத் தொழிலாளியின் மகன், வாயாடி, மதுக்கரை. வீட்டை ஒட்டித் தறி ஓட்டும் குடும்பத்திலிருந்து வந்தவன் பல்லடம். நாங்கள் மூன்று பேரும் ஒரே பெஞ்சு.

வருகைப் பதிவில் பல்லடத்தின் எண் என் எண்ணுக்கு முந்தியது. முதல் வருடத்தில் அவன் ஒரு வித்தை வைத்திருந்தான். அவனுக்கு முந்தைய எண்காரன் வாய் திறந்து "எஸ் சார்" சொல்லி மூடுவதைப் பார்ப்பான். ஒரு மூச்சு விட்டு, தானும் "எஸ் சார்" என்பான். அது எப்போதும் கொஞ்சம் அதிகச் சத்தமாக இருக்கும். தறிக்காரப் பையன், சத்தமாகத்தான் பேசுவான் என்று விட்டுவிட்டோம்.

ஒரு நாள் அந்த முந்தைய எண்காரன் காய்ச்சலில் வரவில்லை. பல்லடத்தின் எண்ணை வாத்தியார் கூப்பிட்டார். அவன் முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மறுபடி கூப்பிட்டார். பேனா பதிவேட்டின் மேல் இறங்கப் போனது. என் முழங்கால் தானாக நகர்ந்து அவன் தொடையைத் தட்டியது.

"எஸ் சார்!"

வகுப்பே சிரித்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவனைப் பார்க்கவில்லை. மறுநாளும் தட்டினேன். அதற்கடுத்த நாளும். தட்டுவது ஒரு வழக்கமானது. ஏன் தட்டுகிறாய் என்று அவன் கேட்கவேயில்லை. கேட்காததே எனக்குப் பதிலாக இருந்தது.

சந்தேகம் கேட்கும் பழக்கத்தைத் தொடங்கியவன் மதுக்கரை. எங்கள் தெர்மோடைனமிக்ஸ் வாத்தியார் பலகையோடு பேசுவார். பலகைக்குக் காது இருக்கிறது என்று நினைப்பவரைப்போல. அவர் முதுகைக் காட்டியதும் பல்லடத்தின் முகத்தில் ஒரு விளக்கு அணையும். அதைப் பார்த்த அன்றுதான் மதுக்கரை கையைத் தூக்கினான். பிறகு நானும். பிறகு, எப்போது என்று தெரியாமல், மொத்த வகுப்பும். முன்வரிசையில் இருந்த இரண்டே பெண்களில் ஒருத்தி, எல்லாப் பாடத்திலும் முதலாக வருபவள், கூசாமல் எழுந்து, "சார், பிஸ்டன்னா என்னங்க சார்?" என்று கேட்டாளே ஒரு நாள்! வாத்தியார் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டார். அவள் பல்லடத்தோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. உட்காரும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆசிரியர் அறையில் எங்களைத் திட்டித் தீர்த்தார்கள். ஒருவர் மட்டும் சில நாளில் மாறினார். முதலில் எழுதுவார். சாக்பீஸை வைப்பார். கையைத் தட்டிவிட்டு எங்களைப் பார்த்துத் திரும்பி நிற்பார். அப்புறம்தான் பேசுவார். அவருக்குத் தெரிந்துபோனதா, அல்லது எங்கள் தொல்லைக்கு அஞ்சியா? அவரும் சொல்லவில்லை. சொல்லாமை ஒரு தொற்றுபோல அந்த வகுப்பில் பரவியிருந்தது. வாழ்க்கையில் நான் பார்த்த ஒரே நல்ல தொற்று.

இரண்டாம் வருடப் பொங்கல் நோம்பிக்குப் பல்லடத்தின் வீட்டுக்குப் போனோம். பஸ் திருச்சி ரோட்டில் சூலூரைத் தாண்டியதும் காற்றில் ஒரு தடதடப்பு கலந்துவிடும். அவன் ஊரில் இறங்கினால் அந்தச் சத்தம்தான் மண், அதுதான் வானம். வீட்டை ஒட்டி நீளமான ஓட்டுக் கட்டடம். உள்ளே வரிசையாக விசைத்தறிகள். கதவைத் தாண்டியதும் சத்தம் நெஞ்சில் வந்து அறைந்தது. நூல் கோத்த நாடா தறிக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய, பஞ்சுத் துகள் வெயிலில் மிதக்க, நான் மதுக்கரையிடம் கத்திச் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

அங்கே, அந்தச் சத்தத்தின் நடுவில், இரண்டு பேர் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கோடியில் அவன் அம்மா. அந்தக் கோடியில் அவன் அப்பா. குரல் இல்லை. உதடு மட்டும். உதட்டால் சொல்லி, தேவைப்பட்டால் ஒரு விரலை ஆட்டி, அறுந்த நூலை, தீர்ந்த பாவு நூலை, மதியத்துச் சோற்றை, எல்லாவற்றையும் பேசிக்கொண்டார்கள். இடையில் ஏதோ நையாண்டிபோல. அப்பா தலையில் அடித்துக்கொண்டார், அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

அம்மா எங்களைப் பார்த்து ஏதோ கேட்டார். நாங்கள் "ஆங்? ஆங்?" என்று காதில் கையை வைத்தோம். மறுபடி கேட்டார். மறுபடி "ஆங்?" அம்மா மகனைப் பார்த்து என்னவோ சொன்னார். பல்லடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை.

அவனை வெளியே வாசலுக்கு இழுத்து வந்து, "என்னடா சொன்னாங்க?" என்றான் மதுக்கரை.

"ஏன் கண்ணு, உன்ற கூட்டாளிக ரெண்டு பேருக்கும் காது கேக்காதான்னு கேட்டாங்கடா அம்மா."

மூன்று பேரும் சிரித்தோம். சிரித்து ஓய்ந்தபோது அந்தச் சொல் எங்கள் நடுவே கிடந்தது. முதல் தடவையாக. யாரும் குனிந்து எடுக்கவில்லை. உள்ளே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

அம்மா காப்பியோடு வந்து, வெளியிலும் அதே பழக்கத்தில் ஊருக்கே கேட்கும்படி, "வாங்க சாமி, உக்காருங்க. தறிக்குள்ள என்னமோ முழிச்சுக்கிட்டு நின்னீங்க. சித்த நாள்ல பழகிப்போயிரும்" என்றார்.

பழகித்தான் போனது. அந்த விடுமுறையில் அவன் எங்களுக்கு உதட்டுப் பேச்சைக் கற்றுக்கொடுத்தான். கத்தாதே. அவசரப்படாதே. சொல்லின் கடைசி எழுத்தை விழுங்காதே. பார்ப்பவன் கண்ணைவிட்டு உன் முகத்தை எடுக்காதே. பாதி சொல் உதட்டில் தெரியும், மீதியை இடமும் நேரமும் சொல்லிவிடும் என்றான். வகுப்பில் மணிக்கணக்காக அவன் செய்துகொண்டிருந்த வேலை எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் கேட்ட பாடத்தை அவன் ஒவ்வொரு நாளும் கட்டி எழுப்பியிருக்கிறான்.

திரும்பி வந்தபின் மெஸ்ஸில், நூலகத்தில், பஸ் நெரிசலில், நாங்கள் மூன்று பேரும் சத்தமில்லாமல் பேசித் திரிந்தோம். மெஸ்ஸின் அடுத்த கோடியிலிருந்து மதுக்கரை உதட்டசைப்பான்: "சாம்பார்ல பல்லி கெடக்குது. வார்டன்கிட்டச் சொல்லாத, அவனும் பங்கு கேப்பான்." அந்த நாட்கள் லேசாக இருந்தன. அவ்வளவுதான் சொல்ல முடிகிறது.

மூன்றாம் வருடத்தில் எங்களை ஒரு ஃபவுண்டரிக்குப் பார்வையிட அழைத்துப் போனார்கள். உருக்கிய இரும்பு நிறைந்த கொப்பரையைத் தூக்கிக்கொண்டு மேலே கிரேன் நகர்ந்து வரும். வரும்போது மணி அடிக்கும். கீழே நிற்பவர்கள் விலக வேண்டும். மணி அடித்தது. எல்லோரும் விலகினோம். பல்லடம் ஒரு வார்ப்பு அச்சைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றான். மதுக்கரை பாய்ந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தான். இரண்டு பேரும் மணலில் விழுந்தார்கள். கொப்பரை கடந்து போனது. அதன் வெக்கை என் கன்னத்தில் இன்னும் இருக்கிறது.

"எரும, பராக்குப் பாத்துக்கிட்டு நிக்கற!" என்று மதுக்கரை திட்டினான். எல்லோருக்கும் கேட்கும்படி. பராக்கு என்று சொன்னால் பராக்காகவே ஆகிவிடும் என்பதற்காக.

கடைசி வருடம் வேலைக்கு ஆளெடுக்க வந்தார்கள். வேறொரு மாநிலத்தில் கனரக எந்திரங்கள் செய்யும் பெரிய தொழிற்சாலை. எழுத்துத் தேர்வு, பிறகு நேர்முகம். நேர்முகத்தில் கேட்பவர்கள் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு முகம் உண்டு. பல்லடம் பிரமாதமாகப் பதில் சொன்னான். எங்கள் பெஞ்சிலிருந்து அவனையும் என்னையும் எடுத்தார்கள். மதுக்கரைக்குக் கிடைக்கவில்லை. "கம்பெனி தப்பிச்சுது" என்றான்.

பல்லடத்தின் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். மகனுக்குப் பதிலாகத் தறிக்கு ஓர் ஆளைக்கூட அப்பா பேசி வைத்துவிட்டார். அவர்கள் குடும்பத்தில் பஞ்சு படியாத சட்டையோடு வேலைக்குப் போகப்போகிற முதல் ஆள் அவன். ஷூ வாங்கி, பழகுவதற்காக ஹாஸ்டல் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தான். நடக்கும்போது தன் காலையே பார்த்துக்கொள்வான்.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. மருத்துவப் பரிசோதனை. போன வருடம் அதே கம்பெனிக்குப் போன ஒரு சீனியர் விவரம் சொன்னான்: டாக்டர் முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவாக ஊர்ப் பெயர்களைச் சொல்வார். திருப்பிச் சொல்ல வேண்டும்.

முதுகுக்குப் பின்னால். எங்கள் மூன்று வருட உழைப்பெல்லாம் யாரும் அவனுக்கு முதுகு காட்டிப் பேசக்கூடாது என்பதற்குத்தான். இப்போது முதுகு அவனுடையது.

கேண்டீனுக்குப் பின்னால் வேப்பமரத்தடி. மதுக்கரை அவனுக்கு எதிரே போய் உட்கார்ந்தான். வாயைத் திறந்தான், மூடினான். பிறகு குரலே இல்லாமல், தறிக்கூடத்துப் பேச்சில், உதட்டால் சொன்னான். குரலில் சொல்ல அவனால் முடியவில்லை என்று நினைக்கிறேன்.

"டாக்டர் உன்ற பின்னாடி நிப்பாரு. நான் முன்னாடி உக்காந்துக்கறேன். அவரு வாயப் பாத்து நான் சொல்றேன். நீ என்ற வாயப் பாரு."

பல்லடம் அவனைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு அவனும் உதட்டால் கேட்டான்.

"எப்ப இருந்து தெரியும்?"

"மொதல் வருசத்துல இருந்து" என்று உதட்டசைத்தேன்.

அவன் வேப்பங்காய் ஒன்றைப் பொறுக்கி விரல்களுக்கு நடுவே உருட்டினான். பிறகு வாய்விட்டு, வழக்கம்போலக் கொஞ்சம் அதிகச் சத்தமாக, "டீ சொல்லுடா" என்றான்.

பரிசோதனை நகரத்துக்குள் ஓர் ஆஸ்பத்திரியில். துணைக்கு வந்தவன் என்று சொல்லி மதுக்கரையும் வராந்தா பெஞ்சில் இடம் பிடித்தான். அறைக்குக் கதவு திறந்திருக்க, ஒரு பச்சைத் திரை மட்டும். என்னை முதலில் கூப்பிட்டார்கள். நாற்காலி வாசலைப் பார்த்துப் போட்டிருந்தது. எனக்குப் பின்னால் கிசுகிசுப்பு. உடுமலை. கோபி. சொன்னேன். முடிந்தது. வெளியே வரும்போது திரையை ஒதுக்கி, கம்பியின் ஓரத்தில் சுருட்டி விட்டேன்.

மதுக்கரை என் காதில், "டாக்டருக்கு மீசை இல்லடா, உதடு நல்லாத் தெரியும். சாமி இருக்குது" என்றான்.

பல்லடம் போய் நாற்காலியில் உட்கார்ந்தான். புது ஷூ. கை இரண்டும் தொடைமேல். டாக்டர் பின்னால் நின்று உதட்டை அசைத்தார். வராந்தாவில் மதுக்கரையின் உதடு அதையே அசைத்தது.

"ஈரோடு" என்றான் பல்லடம்.

மறுபடி.

"பவானி."

மூன்றாவது பெயரை டாக்டர் சொன்னார். காங்கேயம். மதுக்கரை சொன்னான். பல்லடம் எங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். பார்த்தபடியே, மெதுவாக, கண்ணை மூடிக்கொண்டான்.

டாக்டர் திரும்பவும் சொன்னார். மதுக்கரை மூடிய கண்களைப் பார்த்து, காங்கேயம், காங்கேயம் என்று உதட்டை இழுத்து இழுத்து, குரல் வந்துவிடாமல் கழுத்து நரம்பு புடைக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"கேக்கலீங்க" என்றான் பல்லடம்.

டாக்டர் அவனுக்கு முன்னால் வந்தார். "முதல் ரெண்டும் சரியாச் சொன்னியேப்பா?"

அவன் கண்ணைத் திறந்திருந்தான். "சும்மா குருட்டாம்போக்குல அடிச்சு உட்டதுங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "வீட்ல தறி ஓட்டறீங்களா?"

"ஆமாங்க."

அவர் அவன் தோளில் கை வைத்துவிட்டு எடுத்தார்.

பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். அங்கே மதுக்கரை வெடித்தான். "ரெண்டு ஊருக்கு வாய் இருந்துச்சு, மூணாவதுக்கு என்னடா கேடு? கல்லு மாதிரி கண்ண மூடிக்கிட்டு! என்ற மூஞ்சி புடிக்கலையா?"

"ஃபவுண்டரில என்ற காலரப் புடிச்சு இழுத்தியே" என்றான் பல்லடம்.

"அதுக்கு?"

"அங்கயும் மேல கிரேன் போகும். மணி அடிப்பான். இழுக்கறதுக்கு உன்னையும் சம்பளம் குடுத்து வெச்சுக்குவானா கம்பெனி?"

மதுக்கரை காலடியில் கிடந்த கல்லை உதைத்தான்.

"எனக்கு அடி பட்டாப் போச்சாது, உடு. எனக்குக் கேக்குதுன்னு நம்பி எவனாச்சும் என்ற பக்கத்துல நிப்பான் பாரு. அவன்?" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "நீ போடா. கட்டாயம் போ" என்றான்.

அவனைத் தனியாக அனுப்ப மனம் வராமல் நாங்களும் அவன் ஊருக்கே போனோம். தறிக்கூடத்துக்குள் நுழைந்ததும் கோடியிலிருந்து அவன் அம்மா உதட்டால் கேட்டார்: "என்னாச்சு கண்ணு?" அவன் ஒற்றை விரலால் காதைத் தொட்டுக் காட்டினான். "ஆகலீங்மா" என்றான், குரலில்லாமல். அம்மா அவனையே பார்த்தார். அவர் உதடு அசைந்தது: "நாந்தான் உன்னைய தூளி கட்டி இதுக்குள்ளயே போட்டு வளத்தேன்."

முன்பு ஒரு முறை இதே இடத்தில் ஒன்றும் புரியாமல் நின்றேன். இன்று ஒரு சொல்கூடத் தப்பவில்லை. அந்த மொழியைக் கற்றுக்கொண்டதற்காக அன்று ஒரு நாள்தான் வருந்தினேன்.

ஏதோ ஒரு தறியில் நூல் அறுந்தது. அம்மா போய் முடிந்தார். பிறகு எங்களைப் பார்த்து உதட்டால், "உக்காருங்க சாமி, காப்பி வெக்கறேன்" என்றார்.

நான் வேலைக்குப் போனேன். அந்தப் பெரிய கூரைக்குக் கீழே, கிரேன் மணி அடிக்கும்போதெல்லாம் விலகி நின்றேன். கேட்டு, விலகினேன். ஒரு நாளில் எத்தனையோ தடவை. என் காது எனக்குப் பாரமாக இருந்த வருடங்கள் அவை. மதுக்கரையிடம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசுவேன். பல்லடத்திடம் பேச முடியாது. தொலைபேசிக்கு முகம் இல்லை. எல்லாரும் எல்லாரோடும் பேசத் தொடங்கிய காலத்தில் அவன் மட்டும் மெல்ல மெல்ல அப்பால் போனான். அவன் தறிக்கே திரும்பிவிட்டான், அக்கம்பக்கத்துத் தறிகளையும் அவன்தான் பழுது பார்க்கிறான் என்று மதுக்கரை சொல்லித் தெரியும்.

என் கல்யாணத்துக்கு வந்தான். மண்டபத்தின் கடைசி வரிசையில் மதுக்கரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கெட்டிமேளம் கொட்டியது. பக்கத்தில் நின்ற என் அப்பா சொன்னது எனக்குக் கேட்கவில்லை. ஐயர் சொன்னது கேட்கவில்லை. மண்டபமே வாயசைக்கும் பொம்மைகளாக இருந்தது. அத்தனை சத்தத்துக்கும் அப்பாலிருந்து ஒருவன் மட்டும் என்னோடு பேசினான், நிதானமாக, கடைசி எழுத்தை விழுங்காமல்.

"வேட்டிய இழுத்துச் சொருவுடா. அவுருது."

குனிந்து பார்த்தேன். உண்மைதான். சிரித்துவிட்டேன். தாலியைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கும் அந்தப் புகைப்படத்துக்கு என் மனைவி இன்னும் காரணம் கேட்கிறாள்.

"நல்லா இருக்கியா?" என்று உதட்டால் கேட்டேன்.

"இருக்கறேன்" என்றான். "நீ அங்க பத்திரமா இரு. மேல பாத்து நட."

மேளம் நின்றது. மண்டபம் முழுக்கப் பேச்சுச் சத்தம் எழுந்தது. சாப்பாட்டுப் பந்திக்கு ஆள் கூப்பிடும் பெரியவர் ஒருவர் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, "ஏனுங்க தம்பி, எந்திரிங்க, பந்தி போட்டாச்சு" என்றார். அவன் திரும்பவில்லை. இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவர் மறுபடி கூப்பிட்டார்.

மதுக்கரையின் முழங்கால் நகர்ந்து அவன் தொடையைத் தட்டியது.

"வாரேனுங்க!" என்று அவன் எழுந்தான், கொஞ்சம் அதிகச் சத்தமாக.